பூட்டுக்கும் காலாவதித் தேதி வேண்டும்

வீடியோ கேம்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு செய்து விற்கும், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த டெனுவோ நிறுவனம் 2022 ஆகஸ்டில் ஒரு புதிய மென்பொருளை அறிவித்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுகளைக் கணினியில் எமுலேட்டர் வழியாக ஓட்ட முடியாமல் தடுப்பது அதன் வேலை. வீடியோ கேம் ஆடுகிறவர்களிடையே டெனுவோ என்ற பெயரே ஏற்கெனவே வசைச்சொல்லாகிவிட்டிருந்ததால், அறிவிப்பு வந்ததும் வழக்கமான சண்டை மூண்டது. திருடுகிறவர்களுக்குத்தான் கோபம் வரும் என்றது ஒரு தரப்பு. காசு கொடுத்து வாங்குகிறவனைச் சந்தேகப்படுவதே இவர்கள் பிழைப்பு என்றது இன்னொரு தரப்பு. இந்தக் கூச்சலில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பூட்டு எத்தனை காலத்துக்கு?

எமுலேட்டர் என்பது ஒரு கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஸ்விட்ச் என்ற கையடக்கப் பெட்டிக்குள் இருக்கும் சிப் எந்தக் கட்டளைக்கு என்ன பதில் தருமோ, அதே பதிலைக் கணினியிலிருந்து தரும். விளையாட்டும் உண்மையான பெட்டிக்குள் இருப்பதாக நம்பி ஓடும். டெனுவோவின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே விளையாட்டு கணினிக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்தே வெளியாகிறது. கணினிப் பதிப்புக்குப் பெரும் பணம் கொடுத்துப் பூட்டு வாங்குகிறார்கள். பூட்டில்லாத ஸ்விட்ச் பதிப்பை எவரோ இறக்கி, அதே கணினியில், வெளியான அன்றே எமுலேட்டரில் ஓட்டிவிடுகிறார். முன்வாசலில் காவலாளி நிற்கிறார், கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது. அந்தக் கதவை அடைக்கத்தான் புதிய சரக்கு.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விளையாட்டைத் தொகுக்கும்போதே அதன் நிரலுக்குள் ஆங்காங்கே சோதனைகளைச் செருகிவிடுகிறார்கள். எந்த எமுலேட்டரும் உண்மைப் பெட்டியை நூறு சதவீதம் நகலெடுப்பதில்லை. எங்காவது சிறு பிசிறு இருக்கும். சோதனைகள் அந்தப் பிசிறைத் தேடுகின்றன. கிடைத்தால் விளையாட்டு நின்றுவிடும். அதாவது, இந்தப் பூட்டு கேட்கும் கேள்வி 'நீ காசு கொடுத்தாயா' என்பதே அல்ல. 'நீ அசல் ஸ்விட்சா' என்று மட்டும்தான் அது கேட்கிறது. கடையில் கார்ட்ரிட்ஜ் வாங்கி, கைவிரல்கள் சரியாக இயங்காததால் தனக்கேற்ற பட்டன்களை அமைத்துக்கொண்டு கணினியில் ஆட நினைப்பவரும் அதற்குத் திருடர்தான். இன்னும் இருபத்தைந்து ஆண்டு கழித்து, பேட்டரி ஊதி ஸ்விட்ச் பெட்டிகளெல்லாம் குப்பைக்குப் போன பிறகு, அந்த விளையாட்டைத் திறந்து பார்க்க விரும்பும் ஆய்வாளரும் அதற்குத் திருடர்தான்.

இதைச் சொல்வதால் நிறுவனங்களின் வருத்தம் பொய் என்றாகிவிடாது. நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' விளையாட்டு 2023 மே 12 அன்று வெளியாக வேண்டியது. அதற்கு முன்பே கசிந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சட்டவிரோதமாக இறக்கப்பட்டது என்று நின்டெண்டோ நீதிமன்றத்தில் சொன்னது. வெளியான முதல் மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதும் உண்மை. பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. சிறியவர்களால் தாங்க முடியுமா?

2013 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் 'கேம் டெவ் டைக்கூன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆடுபவர் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தை நடத்த வேண்டும். வெளியிட்ட அன்றே, திருட்டுப் பிரதி போலத் தோன்றும் ஒன்றையும் அவர்களே இணையத்தில் விட்டார்கள். ஒரே ஒரு மாற்றம்: அந்தப் பிரதியில், நீங்கள் நடத்தும் கற்பனை நிறுவனத்தின் விளையாட்டுகளை எல்லோரும் திருடி ஆடுவார்கள், நிறுவனம் திவாலாகும். முதல் நாள் முடிவில் ஆடியவர்கள் 3,318 பேர். அதில் 3,104 பேர் ஆடியது திருட்டுப் பிரதியை. அவர்களில் சிலர் மெனக்கெட்டுப் புகார் வேறு எழுதினார்கள், விளையாட்டுக்குள் எல்லோரும் திருடுகிறார்களே, இதை எப்படித் தடுப்பது என்று கேட்டு. சிரிப்பு வரும் கதைதான். சம்பளம் கொடுக்க வேண்டியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 'வெண்பா' என்ற விளையாட்டு 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச் உள்ளிட்ட கருவிகளில் வெளியானது. உருவாக்கியது டொரண்டோவின் விசாய் கேம்ஸ். 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து மங்கியும் போயிருக்கும். விட்டுப்போன வரிகளை ஆடுபவர் ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். அடுத்தாண்டு பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. இப்படியொரு விளையாட்டை இலவசமாக இறக்கி ஆடிவிட்டு, தமிழில் இன்னொன்று வரவில்லையே என்று அங்கலாய்ப்பவருக்கு என்ன பதில் சொல்ல?

திருட்டு விசிடி காலத்திலிருந்து இந்த நோயை நாம் அறிவோம். திரையரங்கில் படம்பிடிப்பவருக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம் என்று 2023இல் ஒளிப்பதிவுச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. வீடியோ கேம் விஷயத்தில் நம் ஊரின் வரலாறு அதைவிட விசித்திரமானது. தொண்ணூறுகளில் பர்மா பஜார் முதல் மாவட்டத் தலைநகரத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைவரை 'வீடியோ கேம்' என்று விற்ற பெட்டிகளில் பெரும்பகுதி நின்டெண்டோவின் நகல். கான்ட்ராவும் மரியோவும் ஒரு தலைமுறைக்கு அப்படித்தான் அறிமுகம். அசல் நிறுவனமோ நெடுங்காலம் இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவே இல்லை. விற்காத பொருளைத் திருடினார்கள் என்று குறைப்படுவதில் ஓரளவுதான் நியாயம். இன்று ஸ்டீம் போன்ற கடைகள் ரூபாயில் விற்கின்றன, விலை அடிக்கடி பாதியாகவும் குறைகிறது. அதனால் அன்றைய சாக்கு இன்று செல்லாது.

இனி பூட்டுக்காரர்களின் வரலாற்றுக்கு வருவோம். அது அவ்வளவு பெருமைக்குரியதல்ல. டெனுவோவின் பூர்விகம் சோனியின் வட்டு தயாரிப்புப் பிரிவில் உருவான செக்யூரோம் என்ற பாதுகாப்பு மென்பொருள். அதைச் செய்தவர்கள் பிரிந்துவந்து 2014இல் தொடங்கியதே டெனுவோ. 2018இல் இர்டெட்டோ என்ற நிறுவனம் அதை வாங்கியது. செக்யூரோம் பூட்டிய 'ஸ்போர்' விளையாட்டு 2008இல் வெளியானபோது, வாங்கியவர் மூன்று கணினிகளில்தான் அதைப் பதிய முடியும் என்று விதி வைத்தார்கள். எதிர்ப்பு வெடித்தது, வழக்கு வந்தது. அந்த ஆண்டில் மிக அதிகம் திருடப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலில் முதலிடத்துக்கும் அதுவே போனது. 2021இல் இன்டெல் தன் 12ஆம் தலைமுறைச் சிப்பில் இரு வகைக் கருக்களை வைத்தது. சில பழைய டெனுவோ பதிப்புகள் அந்த இரு வகைகளையும் இரண்டு தனிக் கணினிகள் என்று எண்ணிக்கொண்டு விளையாட்டைத் தடுத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளின் பெயரை இன்டெல்லே வெளியிட வேண்டி வந்தது. பின்னர் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது சேஃப்டிஸ்க் கதை. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் நூற்றுக்கணக்கான கணினி விளையாட்டு வட்டுகளில் இந்தப் பூட்டு இருந்தது. அது விண்டோஸின் உட்பகுதிவரை நுழைந்து இயங்கியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, இது பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்தியது. பழைய விண்டோஸ்களிலும் ஒரு திருத்தம் அனுப்பி முடக்கியது. மைக்ரோசாஃப்ட் செய்ததில் தவறில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பெட்டியோடு, ரசீதோடு, கீறல் விழாமல் பத்து ஆண்டு பாதுகாத்த அசல் வட்டு ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஓடியது. பூட்டு செய்தவர்களோ விளையாட்டை விற்றவர்களோ திரும்பி வந்து பூட்டைக் கழற்றித் தர வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, பூட்டு உண்மையில் எத்தனை நாள் தேவை? இதற்கு ஊகமில்லாத பதில் கிடைத்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன், 2014 முதல் 2022 வரை டெனுவோவுடன் வெளியான 86 கணினி விளையாட்டுகளை ஆராய்ந்தார். முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் போகிறது. நாள் தள்ளிப்போகப் போக இழப்பு குறைகிறது. 12 வாரம் கடந்து உடைந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. டெனுவோவை வெறுப்பவர்களுக்கு இந்த ஆய்வின் முன்பாதி கசக்கும். நிறுவனங்களுக்குப் பின்பாதி கசக்கும். இரண்டையும் சேர்த்தே விழுங்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதுமல்ல. 2000ஆம் ஆண்டு 'ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்' விளையாட்டுக்குப் பாதுகாப்பு எழுதியவர்கள், உடையாத பூட்டு தங்கள் நோக்கமே இல்லை, விற்பனை சூடாக இருக்கும் முதல் சில வாரங்களைத் தாண்டினால் போதும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கியது. அதையே வெற்றி என்றார்கள்.

12 வாரம் என்பதை ஓராண்டு என்றே வைத்துக்கொள்வோம். தாராளமாக இரண்டாண்டு என்றாலும் சரி. அதற்கு மேல் பூட்டு யாருக்குக் காவல் இருக்கிறது? கணினி உலகில் சில நிறுவனங்கள் தாமாகவே கழற்றுகின்றன. 2016 மேயில் வந்த 'டூம்' விளையாட்டிலிருந்து அதே டிசம்பரில் டெனுவோ நீக்கப்பட்டது. ஒரு சிறு அப்டேட், எல்லார் கணினியிலும் பூட்டு போயிற்று. ஸ்விட்ச் போன்ற கன்சோல் கருவிகளில் இது இவ்வளவு எளிதல்ல. கார்ட்ரிட்ஜில் பதிந்தது பதிந்ததுதான். பூட்டை நீக்கும் அப்டேட் வெளியிட்டாலும், அதைத் தரும் சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் பயன். நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது நினைவிருக்கலாம். எனவே கன்சோல் விளையாட்டுக்குள் போகும் எமுலேட்டர் தடுப்பு, கணினிப் பூட்டைவிட நீண்ட ஆயுள் கொண்டது. காலாவதித் தேதியை முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் பிறகு எழுத இடமே இருக்காது.

எமுலேட்டர் என்றாலே திருட்டுக் கருவி என்ற எண்ணமும் மாற வேண்டும். கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஆப்பிள் கணினியில் ஓடவைத்தபோது சோனி வழக்குப் போட்டது. பிளேஸ்டேஷனின் உள்மென்பொருளைப் பிரித்துப் படித்து அதேபோல நடக்கும் வேறொன்றை எழுதுவது நியாயமான பயன்பாடே என்று 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், 2018இல் அதே சோனி 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்ற நினைவுப் பெட்டியை விற்றபோது அதற்குள் ஓடியது தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல எமுலேட்டர். நின்டெண்டோ தன் பழைய விளையாட்டுகளை ஸ்விட்ச் சந்தாதாரர்களுக்குத் தருவதும் எமுலேட்டர் வழியாகத்தான். விற்பவர் பயன்படுத்தினால் தொழில்நுட்பம், வாங்கியவர் பயன்படுத்தினால் குற்றம் என்பது நிற்காத வாதம். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அவற்றை எட்டிப் பார்க்க எமுலேட்டரை விட்டால் பெரிதாக வழி இல்லை.

எமுலேட்டர் எழுதுகிறவர்கள் தரப்பிலும் பொறுப்பு இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ, யூசு என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை உருவாக்கிய டிராபிக் ஹேஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு வாரத்தில் சமரசம். 24 லட்சம் டாலர் கொடுத்து யூசு மூடப்பட்டது. அப்போது விற்பனையில் இருந்த கருவிக்கு எமுலேட்டர் செய்து, ஆதரவாளர்களிடம் மாதாமாதம் பெருந்தொகை வசூலித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நின்டெண்டோவின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே குழு வைத்திருந்த சிட்ரா எமுலேட்டரும் கூடவே போயிற்று. சிட்ரா, கடை மூடப்பட்ட 3டிஎஸ் கருவிக்கானது. பழையதைக் காப்பது என்ற சொல்லுக்கு உண்மையிலேயே தகுதியானது. சூடான சரக்கின் மேல் கைவைத்ததால், காப்பாற்ற வேண்டியதையும் சேர்த்து இழந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டரான ரியூஜின்க்ஸும் நின்றது. கடையில் விற்கும் கருவியை எமுலேட்டர்காரர்கள் சில ஆண்டுகள் விட்டுவைத்தால் அவர்கள் தரப்பு நியாயம் பலப்படும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அதிசயமாக, நம் நாட்டுச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் போக, பூட்டை உடைப்பதே தவறு. பாதுகாக்கப்பட்ட பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டபோது 2024இல் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இந்தியாவில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது, தண்டனை இரண்டாண்டுவரை. சட்டப்படி வாங்கிய கணினி நிரலைச் சொந்த உபயோகத்துக்கு, வணிக நோக்கமில்லாமல் நகலெடுக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்தப் பார்வையைப் பூட்டுக்காரர்களும் கற்றுக்கொள்ளலாம்.

நம்மிடம் இல்லாதது விளையாட்டுகளைக் காக்கும் நூலகம். பிரான்சில் 1992 முதல் வீடியோ கேம்களும் தேசிய நூலகத்துக்குப் பிரதி தர வேண்டியவற்றில் அடங்கும். இங்கே 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமரா நூலகத்துக்கு வர வேண்டும். வீடியோ கேமுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் உருவாகி 2009இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' கன்சோலுக்காக முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முன்னோடி. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அது வேறு விஷயம். இன்று புதிதாக வாங்க வழியில்லை. பழைய வட்டும் எமுலேட்டரும் இருந்தால் பார்க்கலாம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் பிரதி ஒன்றும் நம்மிடம் மிஞ்சவில்லை. அன்று பாதுகாக்கும் எண்ணம் இல்லாததால் இழந்தோம். இன்று பூட்டி வைத்தே இழக்கப் போகிறோம்.

ஆகவே ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எமுலேட்டர் தடுப்பை வாங்கும் நிறுவனங்கள், அது எந்த நாளில் நீக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலும் விளையாட்டுப் பெட்டியின் மேலும் அச்சிடட்டும். பூட்டில்லாத ஒரு பிரதியை வெளியிடும் அன்றே நூலகத்திடம் ஒப்படைக்கட்டும். நடுவண் அரசு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பில் இந்தியாவில் உருவாகும் விளையாட்டுகளையும் சேர்க்கட்டும். கன்னிமராவில் அதற்கு ஓர் அறையும் இரண்டு கணினியும் ஒதுக்கத் தமிழ்நாடு அரசுக்குப் பெரிய செலவாகாது. பத்தாயிரம் விளையாட்டு நிரப்பிய கையடக்கப் பெட்டிகளைக் கூசாமல் விற்கும் ஆன்லைன் கடைகள் அதை நிறுத்தட்டும். விளையாடுகிறவர்கள், முக்கியமாகக் கல்லூரி விடுதிகளில் இருக்கும் தம்பி தங்கைகள், புதிதாக வந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். வாங்கிய கையோடு, அதில் போட்ட பூட்டு எப்போது கழலும் என்று வெளியீட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள். காசு கொடுத்தவர் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.